தாடை மூட்டுத் தேய்வும் மாற்று மூட்டுச் சிகிச்சையும்

புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில் நாராயணவனம் என்னும் ஊர் அமைந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரையில் அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் எல்லைப்புறம் அது. அவ்வூர்க் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் ஒரு கல் திரிகையைக் காட்டுவர். பத்மாவதித் தாயாரின் திருமணத்திற்குப் பயன்பட்ட திரிகை அது என்பது ஐதிகம். திரிகையின் அமைப்பை நாட்டுப்புறத்தார் அனைவரும் அறிவர். கீழ்க்கல் அசையாது கிடக்கும். மேற்கல் நடுமுளையைச் சுற்றிச் சுழலும். முளை தேய்ந்தாலோ, இரு கற்களும் ஒன்றோடொன்று சரிவரப் பொருந்தாவிட்டாலோ மாவு அரைபடாது, கல் முனகும்.

மனிதனின் வாயும் ஒரு திரிகையே. ஆயினும் இதில் மேற்கல் அசைவதில்லை. கீழ்க்கல்லாகிய கீழ்த்தாடையே அசைகிறது. முளையும் நடுவில் இல்லை. இரு காதுகளுக்கும் சற்று முன்னே, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு முளைகள் உள்ளன. அவை கபாலத்தின் பொட்டெலும்பிலுள்ள இரு குழிகளில் பொருந்தி இயங்குகின்றன. இவ்விரு மூட்டுகளும் தனித்தனியே இருப்பினும், ஒரே எலும்பின் இரு முனைகளாதலால், ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே தீர வேண்டும். ஒரு பக்கத்து மூட்டு நோயுற்றால் மற்றப் பக்கத்து மூட்டும் அதன் பங்கை அனுபவிக்க நேர்வது இதனாலேயே.

இம்மூட்டின் இயக்கத்தை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். மாணவர்கள் தம் சுட்டுவிரல்களை இரு காதுகளின் முன்புறத்தில் மெல்ல வைத்துக்கொண்டு வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கட்டும். முதலில் விரலின் கீழ் ஏதோ உருள்வது போலத் தோன்றும். இன்னும் திறந்தால் அவ்வுருண்டை முன்னோக்கி நழுவிச் செல்வதும், அது இருந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டாவதும் தெரியும். முதலில் நிகழ்வது கதவின் கீல் போன்ற சுழற்சி. அடுத்து நிகழ்வது மேசை இழுப்பறை போன்ற நழுவல். முழங்கை மூட்டு முக்கியமாகக் கீல் போன்றது. தாடை மூட்டோ கீலும் இழுப்பறையும் சேர்ந்தது. ஏறத்தாழ 20 அல்லது 25 மில்லிமீட்டர் அளவு வாய் திறப்பது சுழற்சியினாலேயே நடைபெறும். அதற்கு மேற்பட்ட திறப்புக்கு நழுவல் இன்றியமையாதது. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்தால், பின்னர்க் கூறப்போகும் செயற்கை மூட்டினால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பது தானே விளங்கும்.

முளைக்கும் குழிக்கும் இடையே நார்ப்பொருளாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. முளை முன்னே நழுவும்போது அத்தட்டும் உடன் நழுவி, எலும்பும் எலும்பும் உராயாவண்ணம் காக்கிறது. எலும்பின் முனைகளை மூடியிருப்பதும், மற்ற மூட்டுகளிற் காண்பது போன்ற பளபளப்பான குருத்தெலும்பு அன்று. நார் செறிந்த உறையே. இவ்வுறைக்குத் தன்னைத் தானே ஓரளவு சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. தாடை மூட்டு நோயில் அவசரப்பட்டுக் கத்தி எடுக்கலாகாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

தேய்வு நேரும் விதம்

இடைத்தட்டு தன் இடத்தை விட்டு விலகுதல், பழைய அடி, உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம், கீல்வாத நோய்கள், வயது ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ சேர்ந்து மூட்டின் உறையை நைந்துபோகச் செய்கின்றன. உறை நீங்கிய இடத்தில் எலும்பு அரிக்கப்படுகிறது; முளையின் உருண்டை தட்டையாகிறது; ஓரங்களில் சிறு எலும்பு முட்கள் வளர்கின்றன. நோயாளி காதின் முன்னே வலி என்பார். பலர் இதைக் காதுவலி என்றே எண்ணிச் செவி வைத்தியரிடம் செல்வதுண்டு. வாயைத் திறக்கும்போது மணலை மிதித்தாற்போன்ற கரகரப்பு கேட்கும். ஒரே ஒருமுறை ‘டக்’ எனக் கேட்கும் ஒலி வேறு. அது பெரும்பாலும் தட்டு இடம் மாறுவதன் ஒலி. வலியின்றி அவ்வொலி மட்டும் கேட்குமாயின் சிகிச்சை எதுவும் வேண்டுவதில்லை. இந்நோய் ஆடவரைவிடப் பெண்டிரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வாய் திறவாமை எல்லாம் மூட்டு நோய் அன்று. நம் நாட்டில் பாக்கு மெல்லுவோரிடம் காணப்படும் வாய்ச்சவ்வு நார் இறுக்கம் என்னும் நோயிலும் வாய் சுருங்கிக்கொண்டே வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இதனை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பார் கண்டு எழுதினார். 1953-இல் பம்பாயைச் சேர்ந்த எஸ். ஜி. ஜோஷி தனி நோயாக விளக்கினார். இதில் குற்றம் கன்னத்தின் உட்சவ்வில் உள்ளது, மூட்டில் அன்று. கன்னத்தின் உட்புறம் வெளிறிக் கயிறு போல் இறுகியிருப்பதை விரலால் தடவியே உணரலாம். இது புற்றுநோயாக மாறக்கூடுமாதலால் தவறவிடலாகாது. கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்திருந்தாலும் வாய் திறவாது. காயத்திற்குப் பின் சில நாட்களில் தாடை கட்டிக்கொண்டால், வேறு எதையும் ஆராயாமல், தசைப்பிடிப்பு ஜன்னி என்று கருதி உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று மூட்டு நழுவிப் பூட்டிக்கொள்ளுதல். பெரிய கொட்டாவி விட்டதும் வாய் மூட முடியாமல் திறந்தபடியே நின்றுவிடும். இதைச் சீர்செய்யும் முறை மிகப் பழமையானது. எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியிலேயே அது கூறப்பட்டுள்ளது. சுசுருதரும் தாடைப் பொருத்தின் நழுவலைக் கூறியுள்ளார். எலும்பு என்றதும் இப்பகுதி மக்களுக்கு நினைவுக்கு வருவது புத்தூர்க் கட்டு. நாராயணவனத்திற்கு அண்மையிலுள்ள புத்தூரைச் சார்ந்த ராசபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் எலும்புக்கட்டு அது. தமிழ்நாட்டின் நகரங்களிலும் அப்பெயரைத் தாங்கிய பலகைகளைக் காணலாம். கை, கால் எலும்பு முறிந்தால் அசையாமற் கட்டி வைப்பது எம்முறையிலும் பொதுவான கருத்து. தாடை மூட்டுக்கோ அக்கருத்து முழுமையாகப் பொருந்தாது. குறிப்பாகக் குழந்தை முகவாய் அடிபட விழுந்து, காதருகே உள்ள முளையின் கழுத்து முறிந்திருக்குமாயின், நெடுநாள் அசையாமற் கட்டி வைப்பது தீங்காகும். கசிந்த இரத்தம் எலும்பாக இறுகி, முளையும் குழியும் ஒன்றாகப் பிணைந்துவிடும். முகவாயிலுள்ள சிறு காயத்தைத் தைத்து அனுப்பிவிட்டு, காதருகே உள்ள முறிவைக் கவனியாது விடுவதே இதில் நேரும் வழக்கமான பிழை. விழுந்த குழந்தையின் முகவாயில் தழும்பைக் கண்டால் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

இவ்வாறு பிணைந்த தாடை இந்திய அறுவை வைத்தியர்களுக்கு நன்கு பழகிய நோய். மேனாட்டில் மாற்று மூட்டு பெரும்பாலும் தேய்வு நோய்க்கும், பன்முறை அறுவை செய்தும் பயனின்றிப்போன மூட்டுகளுக்கும் வைக்கப்படுகிறது. இங்கோ இறுகிய மூட்டுக்கே பெரிதும் தேவைப்படுகிறது. சிறுவயதில் இறுகினால் கீழ்த்தாடை வளர்ச்சி குன்றும், முகவாய் உள்வாங்கும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும். பல் துலக்கவும் இயலாது; சோற்றைப் பிசைந்து, பல்லிடுக்கின் வழியே உள்ளே தள்ள வேண்டியிருக்கும். இத்தகைய பிள்ளை வகுப்பில் பேசக் கூசி மௌனமாக இருப்பதைச் சோம்பல் என்று ஆசிரியர் தவறாக எண்ணிவிடக்கூடும்.

கத்திக்கு முந்திய படிகள்

தேய்வு நோயாளிகளிற் பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படுவதே இல்லை. மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், அகலக் கொட்டாவி விடாதிருத்தல், வைத்தியர் கூறும் வலிநீக்கி மருந்து, பற்களுக்கிடையே இரவில் அணியும் தகடு, தாடைப் பயிற்சி ஆகியவற்றால் வலி தணிந்து, நோய் தானாகவே அடங்குவது வழக்கம். அடங்காவிடில் ஊசிகள் வழியே மூட்டினுள் உப்புநீரைச் செலுத்திக் கழுவுவர். 1991-இல் இஸ்ரேலைச் சேர்ந்த நிட்சான் முதலியோர் இம்முறையை விளக்கி எழுதினர். எளியது, செலவும் குறைவு. அதன் பின்னரே உட்காட்டிக் குழாயின் வழியாகவோ, மூட்டைத் திறந்தோ செய்யும் சிகிச்சைகள் வரும். மாற்று மூட்டு இந்த ஏணியின் கடைசிப் படி. முளை உருக்குலைந்து, கடி மாறி, வாய் சிறிதளவே திறந்து, மற்றவை யாவும் பலனளிக்காதபோதே அதனைக் கருத வேண்டும். எக்ஸ்ரே படத்தில் தேய்வு தெரிகிறது என்பது மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. படத்தில் மிகத் தேய்ந்த மூட்டு வலியின்றி இயங்குவதும் உண்டு.

மரக்கட்டை முதல் டெஃப்லான் வரை

இறுகிய தாடைக்கு இடையே அந்நியப் பொருளை வைக்கும் முயற்சி 1840-இல் நியூயார்க்கில் தொடங்கியதாகக் கூறுவர். கார்னோகன் என்னும் அறுவை வைத்தியர் எலும்பை அறுத்து இடைவெளி உண்டாக்கி, அது மறுபடி ஒட்டாதிருக்க ஒரு சிறு மரத்துண்டைச் செருகினார். அது நிலைக்கவில்லை. 1850-களில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி முளையையே வெட்டியெடுத்தார். பின்னர்த் தசையை இடையில் மடித்து வைத்தனர். தங்கத் தகடும் டான்டலம் தகடும் வைத்துப் பார்த்தனர். 1920-இல் கில்லீஸ் நோயாளியின் விலா எலும்பின் முனையைக் குருத்தெலும்போடு எடுத்து முளையாகப் பொருத்தினார். வளரும் பிள்ளைகளுக்கு இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. விலா எலும்பு உயிருள்ளது; தாடையோடு சேர்ந்து வளரும். சில வேளை அளவுக்கு மீறி வளர்ந்துவிடும். சில வேளை மறுபடியும் இறுகிவிடும். 1963-இல் அமெரிக்கரான கிறிஸ்டென்சன் குழிக்கு உலோக உறை அமைத்தார்.

இதே காலத்தில் இடுப்பு மூட்டுத் துறையில் ஒரு பாடம் கற்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950-களின் இறுதியில் டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கால் இடுப்புக் குழியைச் செய்து பொருத்தினார். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தனர். மூன்று, நான்கு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து பொடியாயிற்று. அப்பொடியை அகற்ற முயன்ற உடலின் உயிரணுக்கள் அருகிலுள்ள எலும்பையும் சேர்த்து அரித்தன. சார்ன்லி அப்பொருளைத் தம் தொடையிலேயே வைத்துக்கொண்டு அதன் தீமையை உறுதி செய்தார். பொருத்தியவற்றை எடுத்துவிட்டு, 1962-இல் அடர்ந்த பாலிஎத்திலீனுக்கு மாறினார். வழுவழுப்பாக இருப்பது வேறு, தேயாதிருப்பது வேறு என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது எனலாம்.

ஆயினும் இருபது ஆண்டு கழித்து அதே டெஃப்லான் தாடைக்கு வந்தது. ஹூஸ்டன் நகரின் விட்டெக் நிறுவனம் டெஃப்லான் பூசிய தகட்டை இடைத்தட்டுக்கு மாற்றாகச் செய்து விற்றது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1983-இல் அதனை, முன்னரே விற்பனையிலிருந்த பொருள்களை ஒத்தது என்ற அடிப்படையில், விற்க இசைந்தது. 25,000-க்கு மேற்பட்டவை விநியோகிக்கப்பட்டன. தாடை மூட்டு சிறியது. ஆனால் மெல்லும்போது அதன்மீது விழும் பாரம் சிறியதன்று. தகடுகள் நைந்து கிழிந்தன, பொடி பரவிற்று, முளை அரிக்கப்பட்டது, சிலருக்கு மூளைக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பும் ஓட்டையாயிற்று. உற்பத்தி 1988-இல் நின்றது. நிறுவனம் 1990-இல் திவாலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, அடுத்த ஆண்டில் தகடுகளைத் திரும்பப் பெறச் செய்தது. நோயாளிகளிற் பலர் அப்போது இளம் பெண்கள். ஒரு கிளிக் ஒலிக்காகவோ சிறு வலிக்காகவோ அறுவைக்கு இசைந்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறுவைகளுக்கு உள்ளானவர்கள் அவர்களிடையே உண்டு.

இன்றைய செயற்கை மூட்டு

அந்தச் சிதைவைச் சீர்செய்ய வேண்டிய கட்டாயமே இன்றைய மூட்டை உருவாக்கிற்று. நோயாளியின் மண்டையை சி.டி. படமெடுத்து, அதைக் கொண்டு பிளாஸ்டிக் மாதிரி செய்து, அம்மாதிரியின்மீது அவருக்கென்றே மூட்டை வடிக்கும் முறை 1989-1990-இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு 1999-இல் முறையான அனுமதி கிட்டியது. ஆயத்த அளவுகளில் கிடைக்கும் மற்றொரு வகைக்கு 2005-இல் அனுமதி கிட்டியது. இரண்டிலும் தத்துவம் ஒன்றே: குழிக்கு உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன், முளைக்குக் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகம். எலும்போடு ஒட்டும் பகுதிகளுக்கு டைட்டேனியம் பெரிதும் பயன்படுகிறது. சார்ன்லி இடுப்பில் கண்ட இணையே இங்கும் வென்றது. முதலில் வைத்தவர்களை ஏறத்தாழ இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, வலியும் வாய்த் திறப்பும் சீர்பட்ட நிலையிலேயே நீடித்ததைக் காட்டியது. முப்பரிமாண அச்சுமுறையில் டைட்டேனியத்தை வார்த்த மூட்டு 2015-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பொருத்தப்பட்டது.

இந்தியாவில் தடை அறிவின் குறைவன்று, விலையே. அயல்நாட்டு மூட்டின் விலை ஒரு நெசவாளர் குடும்பத்தால் எட்டக்கூடியதன்று. இக்காரணத்தால் இங்கே இடைவெளி அறுவை, தசை மடிப்பு, விலா எலும்பு ஆகிய முறைகள் நெடுங்காலம் ஆட்சி செய்தன, இன்றும் செய்கின்றன. அவை தாழ்ந்த முறைகளல்ல. சரிவரப் பயிற்சி செய்யும் நோயாளியிடம் நற்பயன் தருகின்றன. எனினும் உள்நாட்டிலேயே மூட்டு செய்யும் முயற்சிகள் பலித்துள்ளன. தர்பன் பார்கவா, நீலகண்டன் முதலிய இந்திய அறுவை வல்லுநர்கள் வடிவமைத்த ‘தார்சன்’ மூட்டு அவற்றுள் ஒன்று. நோயாளியின் சி.டி. படத்திலிருந்து அவரவர் அளவுக்கு மூட்டு செய்வதும் நம் நாட்டில் நடைபெறுகிறது.

அறுவை பொது மயக்கத்தில் நடைபெறும். வாய் திறவாதவர்க்கு மூச்சுக்குழலைச் செலுத்துவதே முதற் சவால். மூக்கின் வழியே ஒளிநாரிழைக் குழாயைக் கொண்டு செலுத்துவர். காதின் முன்னே ஒன்றும் தாடைக் கோணத்தின் அருகே ஒன்றுமாக இரு கீறல்கள் இடப்படும். முகநரம்பின் கிளைகள் இவ்வழியே செல்வதால், அறுவைக்குப் பின் நெற்றி சுருங்காமலோ கண்ணிமை சரியாக மூடாமலோ சில மாதங்கள் இருக்கலாம். பெரும்பாலும் மீளும், அரிதாக நிலைத்துவிடும். நோயுற்ற முளையை அறுத்தெடுத்து, பற்கள் சரியான கடியில் சேருமாறு கட்டி, குழியையும் முளையையும் திருகாணிகளால் பொருத்துவர். வயிற்றிலிருந்து எடுத்த சிறிது கொழுப்பை மூட்டைச் சுற்றி வைப்பதும் உண்டு. புதிதாக எலும்பு வளராமல் அது தடுக்கும். வாயிலுள்ள கிருமிகள் காயத்தை அணுகாவண்ணம் காப்பதே அறுவை முழுவதும் இருக்க வேண்டிய கவலை. மூட்டில் சீழ் பிடித்தால் அதனைக் கழற்ற வேண்டியதாகிவிடலாம்.

தாடையை முன்னிழுக்கும் தசை முளையோடு சேர்ந்து அறுபட்டுவிடுவதால், செயற்கை மூட்டு கீலாகச் சுழலுமேயன்றி இழுப்பறையாக நழுவாது. ஆகவே பழைய 40 மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கும் என்று நோயாளிக்கு வாக்களித்தல் கூடாது. 30 அல்லது 35 மில்லிமீட்டர் கிடைத்தால் நல்ல பலன். ஒரு பக்கம் மட்டும் மாற்றியவர் வாயைத் திறக்கும்போது முகவாய் அப்பக்கமே சாயும், அது பிழையன்று. கரும்பைக் கடித்து உரிப்பது இனி ஆகாது. சோறும் ரொட்டியும் காய்கறியும் உண்ணலாம்.

களத்தில் செய்ய வேண்டியவை

நாராயணவனம் போன்ற ஊரிலிருந்து திருப்பதியும் சென்னையும் வேலூரும் எட்டக்கூடிய தொலைவிலேயே உள்ளன. ஆனால் இவ்வறுவை எல்லா மருத்துவமனைகளிலும் நடைபெறுவதில்லை. வாய், முகம், தாடை அறுவைத் துறை உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கோ பெரிய மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். அனுப்புமுன் வாய்த் திறப்பை அளந்து எழுதுதல் நன்று. மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கிடையே அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் குறிக்கலாம். அளவுகோல் இல்லையேல் நோயாளியின் சொந்த விரல்களே போதும்: மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைந்தால் இயல்பு, இரண்டே நுழைந்தால் கவனம் தேவை, ஒன்றும் நுழையாவிடில் தாமதிக்கலாகாது. ஊழியரின் விரலால் அளப்பது தவறு; பெரியவர் விரல் குழந்தையின் வாய்க்கு அளவாகாது.

சிகிச்சை முடிந்து திரும்பியவருக்குப் பயிற்சியே உயிர்நாடி. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களிடையே வைத்து, நாளடைவில் ஒவ்வொன்றாகக் கூட்டுவது மலிவான முறை. வலிக்கு அஞ்சி விடுபவர்களே பலர். இறுகிய மூட்டுக்கு இடைவெளி அறுவை செய்துகொண்டவர் பயிற்சியைக் கைவிட்டால் தாடை மறுபடியும் பூட்டிக்கொள்ளும். மாதந்தோறும் அளந்து எழுதிய எண் குறைந்துகொண்டே வந்தால், நோயாளி நலமென்று கூறினும் அறுவை செய்த இடத்திற்குத் திருப்பியனுப்ப வேண்டும். காதருகே வீக்கம், சீழ், காய்ச்சல் தோன்றினாலும் அவ்வாறே.

செயற்கை மூட்டு வைத்தவரிடம் அதன் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் குறித்த அட்டை இருக்கும். அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். மருத்துவச் சாதனங்களால் நேரும் தீங்குகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டு, காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. மூட்டு முறிந்தாலோ, திருகாணி தளர்ந்தாலோ, காரணமறியா வலி தோன்றினாலோ மருத்துவர் வாயிலாக அத்திட்டத்திற்கு அறிக்கை செல்ல வேண்டும். அறிக்கையில் அட்டையிலுள்ள எண்ணும், அறுவை நடந்த நாளும், முன்னும் பின்னும் அளந்த மில்லிமீட்டர் கணக்கும் இடம்பெறுதல் அவசியம்.